அனுப்பாமல் விட்ட அட்டை

ஜூன் 4
இன்று புத்தகக் கழகத்தின் பார்சல் வந்துவிட்டது. வேண்டாம் என்று பதிலட்டை அனுப்பாவிட்டால் அந்த மாதப் புத்தகம் தானாக வந்துவிடும். வேண்டாம் என்று குறி போட்ட பதிலட்டை இன்னும் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

ஜூன் 5
திருப்பி அனுப்பலாம் என்று அக்கா சொல்கிறாள். பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இதுவரை ஆசைப்பட்டு வரவழைத்த ஏழு புத்தகங்களில் ஐந்து பாதியில் நிற்கின்றன. கேட்காத இந்த ஒன்றில் நேற்று இரவே அறுபது பக்கங்கள் ஓடிவிட்டன. ரிச்சர்ட் ரைட் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளரின் தன்வரலாறு, ‘பிளாக் பாய்’. அந்தப் பெயர் எனக்கு முன்பின் தெரியாதது. நாலு வயதுப் பிள்ளையாக இருந்த ரைட் திரைச்சீலைக்குத் தீ வைத்து, வீடு எரியத் தொடங்கியதும் ஓடிப்போய் வீட்டுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும் இடத்தில் கால் வலியை மறந்திருந்தேன்.

ஜூன் 8
மாவுக்கட்டுக்குள் அரிப்பு. ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஜூன் 10
அமெரிக்காவின் தெற்கில் உள்ள மெம்ஃபிஸ் நகரத்துப் பொது நூலகத்தில் கறுப்பர்கள் புத்தகம் எடுக்க முடியாது என்பதால், உடன் வேலை செய்யும் ஒரு வெள்ளையரின் நூலக அட்டையை வாங்கிக்கொண்டு, அவரே எழுதியதுபோல ஒரு சீட்டையும் தானே எழுதி எடுத்துப்போய், மென்கன் என்ற அமெரிக்க விமர்சகர் எழுதிய புத்தகங்களைக் கேட்டு நிற்கிறார் ரைட். மென்கன் வழியாக அவருக்கு வேறு எழுத்தாளர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. அந்தப் பெயர்களைத் தேடிப்போய் நாவலாசிரியர் டிரைசரைப் படிக்கிறார். இந்த அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். அங்கே அடுத்தவர் அட்டை, இங்கே நான் அஞ்சலில் சேர்க்க மறந்த அட்டை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஜூன் 11
அமெரிக்காவில் மாதம் ஒரு புத்தகம் அனுப்பும் கழகம் தொடங்கியது 1926-ல். சில்வியா டவுன்சென்ட் வார்னரின் முதல் நாவல்தான் முதல் தேர்வாக 4,750 பேருக்கு அஞ்சலில் போனது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் ரைட் மெம்ஃபிஸில் அந்தச் சீட்டை எழுதியிருக்கிறார்.

ஜூன் 15
கடைசிப் பக்கங்களில் உள்ள குறிப்பைப் படிக்காமலே விட்டிருக்கலாம். 1945-ல் இந்தத் தன்வரலாறு வெளிவந்தபோது முதல் பகுதி மட்டும்தான் அச்சாயிற்றாம். தெற்கிலிருந்து ரைட் கிளம்பிப்போவதோடு புத்தகம் முடிந்துவிட வேண்டும், சிகாகோ வாழ்க்கையும் கம்யூனிஸ்ட் கட்சி அனுபவமும் வேண்டாம் என்று விரும்பியது வேறு யாருமல்ல, அந்த மாதாந்திரப் புத்தகக் கழகமேதான். விடுபட்ட பகுதி 1977-ல் தனி நூலாக வந்தபோது ரைட் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரு பகுதிகளையும் அவர் எழுதியபடி சேர்த்துப் பதிப்பித்தது 1991-ல். அதற்கு முன்பே, 1940-ல், அவருடைய நாவலைத் தேர்ந்தெடுத்தபோதும் கழகம் சில இடங்களை மாற்றச் சொல்லியிருக்கிறது, அவரும் மாற்றியிருக்கிறார். அந்த நாவல் விற்ற வேகத்தைப் பார்த்தால், மாற்றியதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழகத்தின் மேல்தான் கோபம் வருகிறது, அதுவும் முழுதாக வரவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்திராவிட்டால் அத்தனை வீடுகளுக்குள் அவர் நுழைந்திருப்பாரா? என் வீட்டுக்குள் அவரைக் கொண்டுவந்ததும் இப்படி ஒரு கழகம்தானே? யாரோ சில நடுவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இவ்வளவு போதும், இதற்குமேல் வாசகர்கள் தாங்கமாட்டார்கள் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். என்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? இரவு முழுவதும் அலமாரியில் நிற்கும் மற்ற ஏழு புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் எந்தெந்தப் பக்கங்கள் என்னிடம் வந்து சேரவில்லையோ.

ஜூன் 16
நல்லவேளையாக என்னிடம் இருப்பது முழுப் பதிப்பு. காலையில் முதல் வேலையாக அதைத்தான் சரிபார்த்தேன்.

ஜூன் 19
சிகாகோப் பகுதி முதல் பகுதி அளவுக்கு என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. நடுவர்கள் சொன்னதில் நியாயம் இருந்திருக்குமோ என்ற எண்ணம் ஒருகணம் வந்து போனது. பிடிக்கவில்லை என்று சொல்வதற்காவது அது என் கையில் இருக்க வேண்டும் அல்லவா என்று அக்காவிடம் சத்தம் போட்டேன். பாவம், அவள் கஞ்சி ஆறுகிறது என்றுதான் சொன்னாள்.

ஜூன் 23
அடுத்த மாத அறிவிப்பும் புதிய பதிலட்டையும் வந்திருக்கின்றன. பத்து நாட்களுக்குள் மறுக்காவிட்டால் புத்தகத்தை அனுப்பிவிடுவார்கள். இந்த ஆசிரியரின் பெயரும் எனக்குத் தெரியாதது.

ஜூன் 30
நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அட்டைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.