பெரியப்பாவோட கால்

நான் தொழுநோய் ஆஸ்பத்திரில பிசியோதெரபி டெக்னீசியனா சேந்து 14 வருஷம் ஆகுது. தினமும் காலைல ஏழரைக்கு வார்டு வராண்டாவுல ஜெபம் நடக்கும், பேஷண்ட், நர்ஸ், கூட்டிப் பெருக்குற அக்கா எல்லாரும் சேந்து பரமண்டல ஜெபம் சொல்லுவோம். அதுல "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல"ன்னு வர்ற இடத்துல மட்டும் நான் வாயை மூடிக்குவேன். ரொம்ப வருஷம் அப்படித்தான். கர்த்தர்கிட்ட பொய் சொல்ல மனசு வரல.

காரணம் எங்க பெரியப்பா. அப்பாவுக்கு இந்த நோய்னு தெரிஞ்சப்போ எனக்கு ஒம்போது வயசு. முதுகுல தேமல் மாதிரி, தொட்டா உணர்ச்சி இல்ல, சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்க ஆரம்பிச்சிருந்துச்சு. அரசாங்கம் சும்மா குடுக்குற மாத்திரை அட்டைய 12 மாசம் ஒருநாள் விடாம சாப்ட்டாரு, நோய் போயிருச்சு. மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரும் சொன்னாரு, வீட்டுக்கு வந்த ஹெல்த் ஊழியரும் சொன்னாரு, பெரியப்பா எதையும் காதுல வாங்கல. மாட்டுத்தொழுவத்துல கட்டில், தனியா ஒரு அலுமினியத் தட்டு, தண்ணி கேட்டா தூக்கி ஊத்துறது. வயல்ல பங்கு கேட்டப்போ "பெருவியாதிக்காரனுக்கு எதுக்கு வயலு"ன்னு நாலு பேர் முன்னால கேட்டாரு. அம்மா அந்த மாசமே எங்கள கூட்டிக்கிட்டு இந்த ஆஸ்பத்திரி பக்கத்துல குடிவந்துட்டாங்க. அப்பா விரலுக்கு ஆபரேஷன் இங்கதான் நடந்துச்சு, தசைநாரை இடம் மாத்தித் தைக்கிறது, 1940கள் கடைசில வேலூர்ல டாக்டர் பால் பிராண்ட் செய்ய ஆரம்பிச்ச வைத்தியம். அப்பா திரும்பவும் தானே சட்டைப் பட்டன் போட்டத பாத்துதான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். அப்பா அடக்கத்துக்கும் பெரியப்பா வரல.

ஒருநாள் ஜெபத்துல கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா பத்திச் சொன்னாங்க. ஒடிசாவுல மயூர்பஞ்ச் பக்கம் தொழுநோயாளிகளுக்கு வேலை செஞ்ச குடும்பம், 1999 ஜனவரில அவங்க வீட்டுக்காரரையும் ரெண்டு சின்னப் பையங்களையும் ஜீப்போட எரிச்சுட்டாங்க, அந்தம்மா மன்னிச்சேன்னு சொல்லிட்டு மகளோட அங்கயே இருந்து அதே நோயாளிகளைப் பாத்துக்கிட்டாங்க. எல்லாரும் கண்ணைத் துடைச்சாங்க, எனக்கு மட்டும் கோவம்தான் வந்துச்சு. அவங்களுக்கு முடிஞ்சது எனக்கு முடியலயேங்கற கோவம்னு இப்போ புரியுது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஓபில ஒரு பேரைக் கூப்பிட்டாங்க, நிமிந்து பாத்தா வீல்சேர்ல பெரியப்பா. அவருக்கு தொழுநோய் இல்ல, சுகர். ஆணி குத்தி உள்ளங்கால்ல குழிப்புண்ணு, குத்தினதே தெரியலயாம். எங்க ஆஸ்பத்திரில இப்போ சுகர் புண்ணுக்கும் நிறைய பேர் வர்றாங்க, ஏன்னா ரெண்டுலயும் கதை ஒண்ணுதான், நரம்பு செத்து வலி போயிடுது, வலி இல்லாததால அந்தக் காலை ஊனியே நடந்து புண்ணை ஆழமாக்கிக்குறாங்க. வேற ஸ்டாஃபுக்கு மாத்திவிடச் சொல்லலாம்னு எழுந்தே போயிட்டேன். பாத்ரூம்ல நின்னு அழுதேன். "ஆண்டவரே என்னால முடியாது, கையை மட்டும் தர்றேன், மனசக் கேக்காதீங்க"ன்னு சொன்னேன். அதுக்கு மேல ஜெபம் வரல.

நைலான் இழையால காலைத் தொட்டுத் தொட்டு "தெரியுதா பெரியப்பா"ன்னு கேட்டேன். "தெரியலயே ஏட்டி"ன்னாரு. பத்து இடத்துல ஒம்போது இடம் அதே பதில். அப்பாவும் இதே பெஞ்சுல உக்காந்து இதே பதில்தான் சொன்னாரு. அந்த நிமிஷம் கோவம் போயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த வெடிச்ச பாதத்தை மடில வச்சுக்கிட்டு கோவப்பட கஷ்டமா இருந்துச்சு. மாவுக்கட்டு போட்டோம், வாரா வாரம் பிரிச்சுப் பாத்து மாத்தினோம், கிட்டத்தட்ட ரெண்டு மாசம். ஆறு வாரம் ஆனதும் ஒரு காலைல அந்த வரி வந்தப்போ என் வாய் தன்னால அசைஞ்சுது. மறுநாள் அசையல. இப்பவும் சில நாள் அப்படித்தான்.

பெரியப்பா மன்னிப்புன்னு வாயத் திறந்து கேக்கல, நானும் எதிர்பாக்கல. ஒருநாள் மட்டும் "தம்பி எந்தக் கட்டில்ல கெடந்தான்"னு கேட்டாரு. ஜன்னலோரக் கட்டில காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு, அப்புறம் பெரியம்மா கொண்டுவந்த கேரியரைத் தொறந்து, அவரு தட்டுலயே சோத்தைப் போட்டு "நீ சாப்டு மொதல்ல"ன்னு என் பக்கம் தள்ளினாரு. தொண்டைல இறங்கல, ஆனாலும் சாப்ட்டேன்.

புண்ணு ஆறிடுச்சு. உள்ளுக்கு மெத்துன்னு எம்சிஆர் ரப்பர் வச்ச செருப்பு செஞ்சு குடுத்தோம். நேத்து பெரியம்மா போன் பண்ணாங்க, வார் அறுந்துடுச்சாம், புதன்கிழமை வர்றாங்க. சைஸ் எட்டு, என் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.