பிள்ளை பெற்ற பிறகு பேலியோவில் எடை நின்றுபோனால்

சோறு கிடையாது, இட்லி கிடையாது, சர்க்கரை கிடையாது. முதல் மாதம் மளமளவென்று இறங்கிய எடை, அதற்குப் பிறகு அசையவே இல்லை. கைக்குழந்தையோடு பேலியோ, அதாவது தானியமும் சர்க்கரையும் தவிர்த்து முட்டை, இறைச்சி, காய், கொட்டை என்று சாப்பிடும் முறை, தொடங்கிய பெண்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. சுற்றி இருப்பவர்கள் சொல்லும் பதிலும் ஒன்றாகவே இருக்கிறது: "மாவுச்சத்தை இன்னும் குறை, நாளுக்கு 20 கிராமுக்குள் கொண்டு வா, ஒரு வேளை விரதம் இரு." பால் கொடுக்கும் உடம்புக்கு இந்த ஆலோசனை ஆகாது. சில சமயம் ஆபத்திலேயே கொண்டு போய் விடும். குறைக்க வேண்டியது பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில், எடை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். பேலியோவின் முதல் வாரத்தில் இறங்கும் 2, 3 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கும்; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இரண்டும் சேர்ந்து வெளியேறிவிடும். அந்த வேகம் தொடராது. பால் கொடுக்கும் தாய்க்கு வாரம் அரைக்கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம். மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்றாதீர்கள்.

காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபி குடிக்கும் முன், ஒரே மாதிரி துணியில் எடை பாருங்கள். மெஷின் பாய் மேலோ மிதியடி மேலோ இருக்கக் கூடாது, வெறும் தரையில் இருக்க வேண்டும். 7 நாள் எடையைக் கூட்டி வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். முதல் நாள் கருவாடும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் மறுநாள் முக்கால் கிலோ கூடிக் காட்டும். பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பும்போது 1, 2 கிலோ நீர் ஏறி நான்கைந்து நாளில் இறங்கிவிடும். தையல்காரர் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். எடைச் சராசரியும் சுற்றளவும் இரண்டுமே 4 வாரம் மாறாமல் இருந்தால்தான் எடை நின்றதாகக் கணக்கு.

அப்படி நின்றிருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது பாதாம் டப்பா. நம் ஊர் பேலியோ அட்டவணைகளில் காலை உணவாக 100 பாதாம் இருக்கும். ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம், 7 கலோரி. அப்படியானால் 100 பாதாம் 700 கலோரி. அதோடு 30 கிராம் வெண்ணெய் போட்ட காபிக்கு 215. மதியம் 2 மேசைக்கரண்டி நெய்யில் 3 முட்டை ஆம்லெட் 465. தேங்காய்ப்பூ தூவிய காலிஃபிளவர் பொரியல் 190. இரவு 200 கிராம் பனீரை ஒரு மேசைக்கரண்டி நெய்யில் வதக்கினால் 675. கூட்டினால் 2,245 வருகிறது. மாவுச்சத்து 50 கிராமை ஒட்டித்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதிக உடலுழைப்பில்லாத 55 கிலோ பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் சொன்ன தேவை நாளுக்கு 1,660 கலோரி. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் கொடுப்பதற்குக் கூடுதலாக 600. மொத்தம் 2,260. வரவும் செலவும் சரிக்குச் சரி. எடை எங்கிருந்து குறையும்?

பாதாமை 25 ஆக்கினாலே 500 கலோரிக்கு மேல் குறைகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், வாரம் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்க அது போதும். வெண்ணெயையும் நெய்யையும் அதே நாளில் சேர்த்து நிறுத்த வேண்டாம். 500-க்கு மேல் பள்ளம் விழுந்தால் தாய்க்குக் களைப்பு, சிலருக்குப் பாலும் குறையும். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

எண்ணெய் எப்படி ஏறுகிறது என்பதைப் பத்தியக் குழம்பில் கண்கூடாகப் பார்க்கலாம். பூண்டுக் குழம்பு இறக்கி அரை மணி நேரம் கழித்துச் சட்டியைப் பாருங்கள். நல்லெண்ணெய் மேலே பொன்னிறமாக ஒரு விரற்கடை நிற்கும். கரண்டியை அப்படியே மேலாக மொண்டு ஊற்றினால் தட்டில் விழுவதில் பாதி எண்ணெய். ஒரு தேக்கரண்டிக்கு 45 கலோரி. மேலே நிற்பதைக் கரண்டியின் முதுகால் ஓரம் தள்ளிவிட்டு, அடியில் கிடக்கும் பூண்டையும் குழம்பையும் எடுத்துப் போடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு ஊற்றிய எண்ணெய் அது; பத்தியத்தை விட வேண்டியதில்லை, அளவு தெரிந்தால் போதும். ஆளுக்கு நாளுக்கு 30 மில்லி என்று எண்ணெயும் நெய்யும் சேர்த்துக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் அளந்து வைப்பதுதான் சிரமமில்லாத வழி. லேகியம் வேண்டுமானால் நெல்லிக்காய் அளவில் ஒரே உருண்டை. அதில் கருப்பட்டியும் நெய்யும் இருக்கின்றன என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மாவுச்சத்து. தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. நாளுக்கு 750 மில்லி பால் சுரந்தால் 50 கிராமுக்கு மேல் சர்க்கரை உடம்பை விட்டு வெளியே போகிறது. 20 கிராம் மட்டும் உள்ளே போனால் மீதியைக் கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் தயாரித்தாக வேண்டும். கூடவே விரதமோ காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் கொழுப்பு உடைவதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் தாறுமாறாக ஏறி, ரத்தம் அமிலமாகிவிடலாம். அரிதுதான், ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமாக மூச்சு வாங்குதல், எழ முடியாத சோர்வு ஆகியவை சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் வார்த்தையாகவே "பால் கொடுக்கிறேன், சோறு சாப்பிடுவதில்லை" என்று சொல்ல வேண்டும். இந்த நிலையில் ரத்தச் சர்க்கரை சாதாரணமாகவோ குறைவாகவோகூட இருக்கும் என்பதால், சர்க்கரையை மட்டும் பார்த்து வேறு ஏதோ என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

ஆகவே முழுத் தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் மாவுச்சத்து நாளுக்கு 120 கிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இது பேலியோ ஆகாது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். காலையில் 2 இட்லி, 2 முட்டை. முற்பகலில் ஒரு கொய்யா, 20 பாதாம். மதியம் ஒரு கப் சோறு, அதாவது வெந்த எடையில் 150 கிராம். அதோடு எலும்பில்லாத கோழி 200 கிராம், கீரை ஒரு கப். சாயங்காலம் முக்கால் கப் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு ஒரு முட்டையும் காயும். பாலும் தயிருமாக நாள் முழுக்க 400 மில்லி. மாவுச்சத்து 130 கிராம் சொச்சம், புரதம் 90 கிராமுக்கு மேல், அளந்த எண்ணெயும் சேர்த்து 1,750 கலோரி. கோழிக்குப் பதில் மேட்டூர் அணைக் கட்லா வாங்கினாலும் கணக்கு பெரிதாக மாறாது. சைவம் என்றால் 100 கிராம் பனீரும் ஒரு கப் கெட்டிப் பருப்பும். 55 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்குத் தேவையும் சற்றுக் கூடும், அவர்கள் சுண்டலையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம்.

குழந்தைக்கு நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போகிறதா, மாதாந்திர எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டில் எது குறைந்தாலும் உங்கள் எடைக் குறைப்பை உடனே நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பிரசவம் ஆகி 8 வாரம் முடியும் முன் எந்த டயட்டும் வேண்டாம்.

சேலத்தில் இருந்துகொண்டு மாவுச்சத்தை அளப்பதில் சில சிக்கல்கள் உண்டு. ஜவ்வரிசி நம் மாவட்டத்துத் தொழில், வீட்டில் எப்போதும் இருக்கும். 50 கிராம் ஜவ்வரிசியில் 44 கிராம் மாவுச்சத்து, புரதம் ஏறக்குறைய பூஜ்யம். "வயிற்றுக்கு லேசானது" என்று கஞ்சியாகக் காய்ச்சித் தருவார்கள். அதே மாவுச்சத்துக்குச் சோறும் பருப்பும் எவ்வளவோ மேல். மல்கோவா சீசனில் ஒரு பழத்தின் சதை 300 கிராம் வந்தால் 45 கிராம் சர்க்கரை. கால் பழம் சாப்பிடுங்கள், மனக்குறை இருக்காது. தட்டுவடை செட் மாதம் ஒரு முறை போதும். ஏற்காட்டுப் பட்டர் ஃப்ரூட் நல்ல பழம், மாவுச்சத்து மிகக் குறைவு. ஆனால் 100 கிராமுக்கு 160 கலோரி. பாதாமைக் குறைத்துவிட்டு அதே கலோரியை இதில் திரும்ப ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு.

ஆறு மாதத்துக்குப் பிறகு எடை நின்றால் காரணம் வேறாக இருக்கலாம். குழந்தை கேழ்வரகுக் கூழும் இட்லியும் சாப்பிடத் தொடங்கியதும் பால் குடிப்பது மெல்லக் குறையும். ஐ.சி.எம்.ஆர். கணக்கிலேயே கூடுதல் தேவை 600-லிருந்து 520 ஆகிறது. நாளுக்கு இரண்டு முறைதான் குடிக்கிறது என்றால் அதற்கும் வெகு கீழே போய்விடும். தாயின் பசி மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். குழந்தை மிச்சம் வைத்த கூழ், பாதி இட்லி, கடித்துப் போட்ட பிஸ்கட் எல்லாம் வீணாகக் கூடாதென்று அம்மா வாய்க்குப் போகும். அந்த மிச்சத்தை ஒரே ஒரு நாள் தனிக் கிண்ணத்தில் சேர்த்து எடை போட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் தைராய்டு. பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்கு ஐந்து பெண்களுக்கு ஏறக்குறைய தைராய்டு அழற்சி வருகிறது. சிலருக்கு முதல் சில மாதம் சுரப்பு கூடி எடை வேகமாக இறங்கும், 4 முதல் 8 மாதத்துக்குள் சுரப்பு குறைந்து எடை நின்றுவிடும். "டயட் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது" என்று தோன்றுவதற்கு இது அப்படியே பொருந்தும். மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், காரணமில்லாத மனச்சோர்வு இருந்தால் டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் பாருங்கள். பிரசவம் ஆன மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுகிறதென்று பலர் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுவார்கள். அது தைராய்டு பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். பேலியோவுக்கு வந்தவர்கள் இந்துப்புக்கும் மாறியிருப்பார்கள். அதில் போதிய அயோடின் இல்லை. தாய்க்கும் பால் வழியாகக் குழந்தைக்கும் அயோடின் தேவை, பால் கொடுக்கும் காலம் முழுக்க அயோடின் சேர்த்த தூள் உப்புதான் போட வேண்டும்.

குழந்தை இடைவெளிக்காக 3 மாதத்துக்கு ஒரு முறை அந்தரா ஊசி போட்டுக்கொள்பவர்களில் சிலருக்கு எடை கூடும். தானாக நிறுத்த வேண்டாம், வேறு வழிகளை மருத்துவரிடம் கேளுங்கள். எடை குறைந்தும் வயிறு மட்டும் குறையவில்லை என்றால் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தால் வயிற்றுத் தசை இன்னும் பிரிந்திருக்கிறது. அதற்குப் பிசியோதெரபிதான், சிட்-அப் போட்டால் பிரிவு கூடலாம்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவம் ஆகி 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. குறைமாவு உணவில் இருப்பவர் அப்படியே போய் குளுக்கோஸ் குடித்தால், சர்க்கரை இல்லாதவருக்கும் இருப்பதாக முடிவு வரலாம். பரிசோதனைக்கு முந்தைய 3 நாளும் நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிடுங்கள். மேலே சொன்ன சாப்பாட்டோடு இன்னும் 2 இட்லி சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும். அந்த மூன்று நாளில் ஒரு கிலோ ஏறிக் காட்டினால் பயப்படாதீர்கள், அது கிளைக்கோஜனும் தண்ணீரும்தான்.