ஒட்சைட்டு மென்படலங்களின் காந்தவியல்பு: படிக்கத் தொடங்குவோருக்கு

உயர்தரத்தைத் தமிழ் மொழிமூலம் முடித்துவிட்டு, கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பல்கலைக்கழகம் சென்று திண்மநிலைப் பௌதிகவியல் எடுக்கும் தம்பி தங்கைகள், இந்தப் பகுதியை எங்கிருந்து தொடங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. சமன்பாடுகளில் தொடங்க வேண்டாம் என்பதே என் பதில். எந்த அயன் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைக் கையால் வரைந்து பார்க்காதவருக்கு மற்றவையெல்லாம் வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

எங்கள் கொக்கிளாய்க் கரையிலேயே நல்ல உதாரணம் கிடக்கிறது. அங்குள்ள கருமணலில் மிகுந்திருக்கும் இல்மனைற்று, இரும்பும் தைற்றேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதில் இரும்பு அடுக்குகளுக்கிடையே தைற்றேனிய அடுக்குகள் புகுந்து நிற்பதால் இரும்பு அயன்களின் இடைத்தாக்கம் வலுவிழக்கிறது. அறைவெப்பநிலையில் அது காந்தத்தால் மெல்லவே ஈர்க்கப்படுகிறது. இன்னோர் இரும்பு ஒட்சைட்டான மக்னெற்றைற்றோ சாதாரணக் காந்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மூன்று இரும்பு அயன்களில் ஒன்று நான்கு ஒட்சிசன்கள் சூழ்ந்த நான்முகி இடத்திலும், மற்ற இரண்டு ஆறு ஒட்சிசன்கள் சூழ்ந்த எண்முகி இடங்களிலும் அமர்கின்றன. இவ்விருவகை இடங்களின் காந்தத் திருப்பங்களும் எதிரெதிராக நிற்பதால், +3 ஏற்றமுள்ள இரண்டு அயன்களும் ஒன்றையொன்று சமன்செய்துவிட, +2 அயனின் 4 போர் மக்னெற்றோன் (அணுவின் காந்தத் திருப்பத்தை அளக்கும் அலகு) மட்டும் எஞ்சுகிறது. 1948இல் லூயி நேல் தந்த இவ்விளக்கத்தைப் படத்தோடு ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

படலங்களின் படிகக் குறைபாடுகளில் பரீட்சகர்கள் விரும்பிக் கேட்பது எதிர்க்கட்ட எல்லை, அதாவது படலத்தின் இரு பகுதிகள் வரிசை பிசகிச் சந்திக்கும் எல்லை. மகனீசியம் ஒட்சைட்டின் மீது மக்னெற்றைற்றுப் படலம் வளர்க்கும்போது, படலத்தின் அலகுக் கலம் ஏறக்குறைய 8.40 அங்ஸ்ட்ரோம், அடித்தளத்தினது 4.21. ஏறத்தாழ இருமடங்கு என்பதால் பொருத்தம் நன்று என்று எழுதிப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் அந்த இருமடங்கில்தான் இருக்கிறது. படலம் சிறு தீவுகளாக முளைக்கும்போது ஒரு தீவு மற்றதிலிருந்து அரைக்கலம் தள்ளித் தொடங்கிவிடலாம்; இரண்டும் வளர்ந்து சந்திக்கும் இடத்தில் ஒட்சிசன் சாலகம் தடையின்றித் தொடர்ந்தாலும் இரும்பின் வரிசை முறிகிறது. அங்கே இரும்பு–ஒட்சிசன்–இரும்பு கோணம் 180 பாகையாக அமையும் இணைப்புகள் தோன்றி, இருபுறத் திருப்பங்களையும் எதிர்த்திசைக்குத் தள்ளுகின்றன. திண்மத் துண்டு எளிதில் நிரம்பலடைய (அதன் காந்தமாக்கம் உச்சத்தை எட்டிவிட), படலம் மட்டும் பல டெஸ்லாப் புலத்திலும் நிரம்பலடையாமல் இழுத்தடிப்பது இதனாலேயே.

ஒட்சிசன் வெற்றிடத்தைப் பற்றி, அதாவது ஒட்சிசன் இருக்கவேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பற்றி, ஒரேயொரு எச்சரிக்கை. அது விட்டுச்செல்லும் இலத்திரன்கள் ஐரோப்பியம் ஒட்சைட்டின் கியூரி வெப்பநிலையை (அதற்கு மேல் காந்த ஒழுங்கு குலைந்துவிடும் வெப்பநிலையை) 69 கெல்வினிலிருந்து உயர்த்துகின்றன. ஸ்ரொன்சியம் கலந்த லாந்தனம் மங்கனைற்றிலோ அதைத் தாழ்த்துகின்றன. ஆகவே வெற்றிடம் காந்தத்தைக் கூட்டும் என்று பொதுப்பட எழுதாதீர்கள்.

அளவீட்டுப் பகுதியைப் பலர் பாயும் கண்ணால் கடந்துவிடுகிறார்கள். 2004இல் ஹாஃப்னியம் ஒட்சைட்டுப் படலத்தில் எதிர்பாராத காந்தவியல்பு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே இன்னொரு குழு, தூய படலத்தில் அது இல்லை என்றும், துருவேறா உருக்கு இடுக்கியால் பிடித்தாலே அத்தகைய சைகை வரும் என்றும் காட்டியது. படலத்தின் சைகை அவ்வளவு சிறியது. எனவே எந்த ஆய்வுக்கட்டுரையை எடுத்தாலும், அடித்தளத்தின் பங்கு எப்படிக் கழிக்கப்பட்டது, மாதிரி எதனால் கையாளப்பட்டது என்ற வரிகளை முதலில் தேடுங்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டதும் அதுதான்.