பிடித்தால் நிற்கிறது

12 மார்ச் 2025, புதன்
அக்காவுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிட்டது. 29 வாரம். 1100 கிராம். பெண். அக்கா இன்னும் பார்க்கவில்லை. மாமா வராந்தாவிலேயே நிற்கிறார்.

13 மார்ச், வியாழன்
பாப்பாவுக்கு மூச்சு விட்டுவிட்டு வருகிறது. காஃபீன் ஆரம்பித்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார். "காபியில இருக்கறதா?" என்று மாமா கேட்டார். நான்தான் விளக்கினேன். காஃபீன் சிட்ரேட், முதலில் கிலோவுக்கு 20 மில்லிகிராம், அப்புறம் தினமும் 5. பாப்பாவுக்கு 22. அதிலும் பாதிதான் காஃபீன். மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

காலையில் ஆய்வகத்தில் 2 நாள் வயது எலிக்குட்டிகளுக்கு அதே மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு வந்தேன் என்று மாமாவிடம் சொல்லவில்லை.

14 மார்ச்
மூச்சு 7 தடவை நின்றது.

15 மார்ச், சனி
பாதிக் குட்டிகளுக்குக் காஃபீன், பாதிக்கு உப்புநீர். ஊசியை நிரப்பித் தருவது வேறொருவர், அதனால் எந்தக் குட்டிக்கு எது என்று எனக்குத் தெரியாது. பிறந்த 6ஆம் நாள் வரை ஊசி. 12ஆம் நாள் வலிப்பைத் தூண்டிப் பார்க்க வேண்டும்.

பிறந்த எலியின் மூளை, வளர்ச்சியில், நம் குறைமாதக் குழந்தையின் மூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிறைமாதத்துக்கு ஈடாக 7 முதல் 10 நாள் வரை ஆகும். இதை எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். இன்று குட்டியை உள்ளங்கையில் வைத்தபோது அதன் தோலின் நிறம்தான் தெரிந்தது. பாப்பாவுக்கும் அதே நிறம்.

16 மார்ச்
4 தடவை.

18 மார்ச், செவ்வாய், இரவு 2 மணி
தூக்கம் வரவில்லை. மூளைச் செல்கள் ஓயாமல் வேலை செய்தால் அடினோசின் என்ற பொருள் சேரும், அது அவற்றை அடங்கச் சொல்லும். வந்த வலிப்பை நிறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. காஃபீன் போய் உட்காருவது அந்த அடினோசினின் இடத்தில். வளர்ந்த மூளையில் அடக்குவதற்கு காபா என்ற ரசாயனம் இருக்கிறது. எலிக்குட்டியின் முதல் வாரத்தில் காபாவே செல்லைத் தூண்டிவிடும். நரம்பியல் ஆய்வாளர் பென்-ஆரியின் குழு 1989இல் காட்டியது இது. அப்படியானால் அந்த வயதில் பிடித்து நிறுத்த என்னதான் மிச்சம்?

காஃபீன் உடம்பை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது. எனக்கு 5 மணி நேரத்தில் பாதியாகும். பாப்பாவுக்கு ஏறக்குறைய 100 மணி நேரம்.

சரி, மறுபக்கத்தையும் எழுதி வைக்கிறேன். முதல் வாரத்தில் அளவாகக் காஃபீன் பெற்ற எலிகளுக்கு, வளர்ந்தபின் சில ரசாயனங்களால் வலிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை. அளவு மீறினால் காஃபீனே வலிப்பை வரவழைக்கும். ஒரே மருந்துதான், அளவும் வயதும் மாறினால் வேறு மருந்தாகிவிடுகிறது. 500 முதல் 1250 கிராம் வரையிலான 2006 குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், காஃபீன் பெற்றவர்களில் மூளைவாதம் வந்தது 4.4 சதவீதம், பெறாதவர்களில் 7.3. பாப்பா 1100. அந்த எடைக்குள்தான் இருக்கிறாள். கிலோவுக்கு 80 கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் சிறுமூளையில் ரத்தக்கசிவு கூடியது. பாப்பாவுக்கு 80 இல்லை, 20.

20. 20தான்.

20 மார்ச்
கூண்டுத் தூளில் கையுறையைத் தேய்த்துக்கொண்டுதான் குட்டியைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் தாய் வேற்று வாசனை என்று ஒதுக்கிவிடலாம். எடுத்ததும் வெதுவெதுப்பான தட்டு. சூடு குறைந்தாலும் ஏறினாலும் எங்கள் கணக்கு கெட்டுவிடும். சூடு மட்டுமே போதும், குட்டிக்கு வலிப்பு வந்துவிடும். பாப்பாவின் வார்மரில் சூடு காட்டும் எண்ணை நான் ஏன் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று அக்கா கேட்டாள்.

21 மார்ச், வெள்ளி
பாப்பாவின் இடது கால் துடித்தது. அக்காதான் முதலில் பார்த்தாள். "பிட்ஸாடா தம்பி? நீ இதத்தானே படிக்கிற, சொல்லுடா." எனக்கு வாய் வரவில்லை. சிஸ்டர் வந்து இரண்டு விரலால் காலை லேசாகப் பிடித்தார். நின்றது. விட்டார், மறுபடி துடித்தது. பிடித்தார், நின்றது.

"பிடிச்சா நிக்குதும்மா. இது வெறும் நடுக்கம். பிட்ஸ்னா பிடிச்சாலும் நிக்காது." இதயத்துடிப்பையும் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் சொல்லப் போனார்.

எனக்கும் தெரிந்த விஷயம்தான். கை நீளவில்லை.

22 மார்ச்
பிடித்தால் நிற்கிறது.

23 மார்ச், ஞாயிறு
12ஆம் நாள். கண் இன்னும் திறக்காத குட்டிகள். இந்த வயதில் வலிப்பு பெரிய எலிக்கு வருவது போல இருக்காது, நீந்துவது போலக் கால்களை அடிக்கும். மூன்றாவது குட்டி அடிக்க ஆரம்பித்ததும் என் விரல் தானாகப் போய் அதன் பின்னங்காலைப் பிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படிச் செய்ததே இல்லை.

நிற்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்: குட்டி 3, கை பட்டது, கணக்கில் சேர்க்க வேண்டாம்.

24 மார்ச்
மூச்சு 1 தடவை. எடை 1105. டோஸ் அதேதான்.