விர்ச்சுவல் மெஷினில் டைமர் ஏன் பிந்தி எழுகிறது?

விர்ச்சுவல் மெஷினுக்குள் 1 மில்லிவிநாடி தூங்கிய நிரல் 1.2 மில்லிவிநாடி கழித்து எழுகிறது என்று புகார் வந்தால், உடனே கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பகுதி) அமைப்புகளில் கை வைக்கக் கூடாது. முதலில் டைமர் ஸ்லாக்கை, அதாவது டைமர் பிந்த அனுமதிக்கப்பட்ட அளவைப் பாருங்கள். லினக்ஸில் சாதாரண த்ரெட்டுக்கு அது 50 மைக்ரோவிநாடி. மின்சாரத்தை மிச்சப்படுத்த லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த அளவுக்குத் தள்ளி எழுப்பலாம். ஃபிஃபோ என்ற ரியல்-டைம் முன்னுரிமை முறையில் ஓடும் த்ரெட்டுக்கு இது பொருந்தாது.

அடுத்து, விசிபியு (விர்ச்சுவல் மெஷினின் சிபியு) ஓடப்போகும் அதே கோரில், ஹோஸ்டிலேயே, அதாவது நிஜ இயந்திரத்திலேயே, டைமர் எவ்வளவு பிந்துகிறது என்று அளக்கும் சைக்ளிக்டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்கள். ஹோஸ்டிலேயே எண் மோசமாக இருந்தால் கெஸ்டில், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள், எதைத் திருகியும் பயனில்லை. பெரும்பாலும் அங்கே குற்றவாளி சி-ஸ்டேட்தான்: வேலை இல்லாதபோது சிபியு போகும் தூக்க நிலை, எண் கூடக்கூட தூக்கம் ஆழம். இன்டெலின் ஸ்கைலேக் ஜியான் சிபியுவுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் கணக்கில் சி1இலிருந்து வெளியே வர 2 மைக்ரோவிநாடி, சி6இலிருந்து 133. 600 மைக்ரோவிநாடிக்கு மேல் வேலை இல்லையென்றால் சி6 லாபம் என்பது அதே கணக்கு. ஆகவே 1 மில்லிவிநாடி டைமர் நேராக அந்தக் குழியில் விழுகிறது. சிபியு டிஎம்ஏ லேட்டன்சி கோப்பில் (/dev/cpu_dma_latency) 0 எழுதினால் இது தடைபடும். ஆனால் கோப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். எக்கோ கட்டளையால் எழுதிவிட்டு ஷெல் அதை மூடியதுமே கோரிக்கையும் ரத்தாகிவிடும். மாற்றம் செய்தும் பலனில்லை என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஹோஸ்ட் சரியான பிறகே கேவிஎம். வேலை இல்லாமல் கெஸ்ட் தன் சிபியுவை நிறுத்தியதும் (ஹால்ட்) விசிபியு த்ரெட் தூங்கிவிடாமல் சற்று நேரம் சுற்றிக் காத்திருப்பதுதான் ஹால்ட் போலிங். எக்ஸ்86இல் அதன் இயல்பான உச்சவரம்பு 200 மைக்ரோவிநாடி. 1 மில்லிவிநாடி இடைவெளியில் வரும் டைமருக்கு இது உதவாது. ஒவ்வொரு தூக்கமும் வரம்பைத் தாண்டுவதால் கேவிஎம் காத்திருக்கும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டே போகும். 100 மைக்ரோவிநாடி இடைவெளியில் நன்றாகத் தெரிந்த முன்னேற்றம் 1 மில்லிவிநாடியில் காணாமல் போவது இதனால்தான்.

டிஎஸ்சி டெட்லைன் டைமர் (சிபியுவின் நேர எண்ணி குறித்த மதிப்பை எட்டியதும் எழுப்பும் டைமர்) உள்ள கெஸ்டுக்கு லேபிக் டைமர் அட்வான்ஸ் என்ற கேவிஎம் வசதி கைகொடுக்கும். கேவிஎம் ஹோஸ்ட் டைமரைக் கொஞ்சம் முன்னதாக வைத்து, மிச்ச நேரத்தைச் சுற்றிக் கழித்து, குறித்த நொடியில் கெஸ்டுக்குள் நுழைகிறது. இப்போதைய கெர்னல்களில் இது 1000 நானோவிநாடியில் தொடங்கித் தானே சரிசெய்துகொள்ளும். அதைக் கைவைக்காமல் அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால், கெஸ்ட் கெர்னல் தொடங்கும்போது idle=poll என்ற அமைப்பைக் கொடுக்கலாம்; வேலை இல்லாதபோதும் சிபியு சுற்றிக்கொண்டே இருக்கும். ஹால்ட் என்ற பேச்சே இராது. கோர் முழுவதும் எரியும், அதே கோரைப் பகிரும் ஹைப்பர்த்ரெட் ஜோடியின் வேகமும் குறையும். விசிபியுவுக்கு ஃபிஃபோ முன்னுரிமையும் கொடுத்திருந்தால் 6.12க்கு முந்தைய கெர்னல்களில் ஆர்டி த்ராட்லிங் (ரியல்-டைம் த்ரெட்டுகளுக்கான நேர வரம்பு) குறுக்கே வரலாம்: அவற்றின் இயல்பு அமைப்பு விநாடிக்கு 950 மில்லிவிநாடிதான் அனுமதிக்கிறது. மீதி 50 மில்லிவிநாடி கெஸ்ட் உறைந்து நிற்கும். வரம்பை -1 ஆக்கி இதை நீக்கலாம். அதற்கு முன்பே அந்தக் கோரிலிருந்து ஆர்சியு கால்பேக்குகளையும் (கெர்னல் பிறகு செய்வதற்காக ஒத்திவைக்கும் வேலைகள்) இன்டரப்ட்களையும் வேறு கோர்களுக்கு மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே மாட்டிக்கொண்ட கெர்னல் த்ரெட்டுக்கு முறை வராமல் ஹோஸ்டே தொங்கிவிடும்.