ஏரி வாத்தின் தட்டைப்புழுவுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலை

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெங்களூரு ஏரிகளில் தட்டைவாயன், ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் வந்து தங்கும். அவற்றின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழும் தட்டைப்புழுவைத் தேட, செத்துக் கிடப்பதை நாமாக எடுத்து அறுக்க முடியாது. வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும்; பறவைக் காய்ச்சல் இல்லை என்ற சோதனை முடிவும் வர வேண்டும். அதுவரை 4 டிகிரியில் வைக்கிறோம். உறையவைத்தால் புழுவின் தோல் கெடும், முட்கள் கொட்டும்; பிறகு அது டிஎன்ஏ எடுக்கத்தான் உதவும்.

நாமக்கல் பக்கம் கோழி அறுத்துப் பழகிய மாணவர்கள் குடலோடு நிறுத்திவிடுவார்கள். காட்டு வாத்தில் மூச்சுக்குழல், காற்றுப்பை, சிறுநீரகம், பர்சா (கழிவுவாய்க்குப் பக்கத்தில் உள்ள பை), கண்ணிமையின் உட்புறம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித் தட்டில், பென்சிலால் எழுதிய சீட்டோடு. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். எந்த உறுப்பில் இருந்தது என்பதே பாதிப் பெயர்: கண்ணில் இருந்தால் ஃபிலோஃப்தால்மஸ், பர்சாவில் புரோஸ்தோகோனிமஸ் என்று தேட ஆரம்பிக்கலாம். குருட்டுக்குடலில் வயிற்று உறிஞ்சி (வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொள்ள உதவும் உறுப்பு) இல்லாத புழு, வயிற்றுப் பக்கம் மூன்று வரிசைச் சுரப்பிகள், முட்டையின் இரு முனையிலும் நீண்ட இழை என்றால் நோட்டோகோட்டைலஸ்தான்.

கவனம் முழுக்க வேண்டியது புழுவைக் கொல்லும் இடத்தில். குழாய்த் தண்ணீரில் போட்டால் உப்பி வெடிக்கும், 0.85 சதவீத உப்புக் கரைசலில்தான் அலச வேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஒன்றை கவர்ஸ்லிப்பு என்ற மெல்லிய கண்ணாடித் துண்டுக்கு அடியில் வைத்து, தலையைச் சுற்றியுள்ள காலர் முட்களை எண்ணிவிடுங்கள். சாயம் ஏறியபின் பலவும் தெரியாது. 37 இருந்தால் எக்கினோஸ்டோமா ரெவல்யூட்டம் கூட்டம் (ஒன்றுபோலத் தெரியும் பல இனங்கள்), 45 இருந்தால் எக்கினோபாரிஃபியம் ரிகர்வேட்டம் பக்கம் போகலாம். பாதி கொட்டிய காலரை எண்ணி 31 என்று எழுதுவதைவிட எண்ணாமல் விடுவது மேல்.

பிறகு கரைசலைக் கிட்டத்தட்ட வடித்துவிட்டு, கொதிக்கும் நிலையில் உள்ள உப்புக் கரைசலை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். புழு நீண்டபடியே சாகும். குளிர்ந்த ஃபார்மலினில் போட்டால் வதங்கிய வெற்றிலை மாதிரி சுருண்டு, விந்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். இரண்டு ஸ்லைடுக்கு நடுவே அழுத்தி நேராக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அகலம் கூடிவிடும், அந்த அளவுகள் எந்த விவரணையோடும் ஒத்துப்போகாது.

செத்த புழுக்கள் பதப்படுத்த ஃபார்மலினுக்குப் போகும் முன் இரண்டு மூன்றை 95 சதவீத எத்தனாலில் தனியே எடுத்து வையுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும்.

சாயமேற்றுவது எளிது. அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் நன்றாக ஏற்றி, 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த 70 சதவீத ஆல்கஹாலில், தோல் வெளுத்து உள்ளுறுப்பு சிவப்பாக நிற்கும்வரை மிகுதிச் சாயத்தை இறக்க வேண்டும். பிறகு ஈரத்தை எடுக்க 80, 90 சதவீத ஆல்கஹால், அப்சல்யூட் (தண்ணீரில்லாத ஆல்கஹால்) இரண்டு முறை, புழு ஒளி ஊடுருவும்படி ஆக கிராம்பு எண்ணெய், ஸ்லைடில் ஒட்ட கனடா பால்சம் என்ற பிசின். ஸ்லைடு பால்போல வெளுத்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. ஜூலை மழையில் அடிக்கடி திறக்கும் அப்சல்யூட் பாட்டில் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். புது பாட்டில் திறந்து, புழுவை அதிலே திரும்பப் போடுங்கள்.

37 முள் கூட்டத்தை உருவத்தால் மட்டும் பிரிக்கப் பார்ப்பது வீண். பின்முனை ஓரத்தில், விந்தகத்தில் கத்தி படாமல் ஒரு சீவல் வெட்டி என்டி1 என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் படிக்க அனுப்புங்கள். மிச்ச உடலைச் சாயமேற்றி அதே எண்ணில் ஸ்லைடாக வையுங்கள். கருப்பையில் முட்டை இல்லாத இளம்புழுவுக்கு உருவத்தை வைத்து இனப்பெயர் எழுதாதீர்கள். குடும்பப் பெயரோடு விட்டால் போதும்.