மைனஸ் பூஜ்யமும் சேலத்தின் புள்ளியும்

ஏற்காடு பஸ் நிற்கும் இடங்களைப் பைத்தான் நிரல்மொழியில் ‘வழி’ என்று ஒரு லிஸ்ட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள்: பழைய பஸ் ஸ்டாண்ட், அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், ஏற்காடு. பாப்() கொடுத்தால் ஏற்காடு கழன்று கைக்கு வரும், மற்றவை அசையாது. பாப்(0) கொடுத்தால் பழைய பஸ் ஸ்டாண்ட் போகும், ஆனால் மீதி நாலும் ஓரிடம் முன்னால் நகர வேண்டும். நாலு நகர்வது கண்ணுக்குத் தெரியாது. லட்சம் உருப்படியை இப்படி லூப்பில் காலி செய்தால் சுமார் 500 கோடி நகர்த்தல்!

முன்பக்கம் அடிக்கடி எடுக்கவேண்டுமென்றால் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் இருக்கும் டெக் (இருமுனை வரிசை) என்பதை எடுங்கள்; முன்னால் கழற்ற அதன் பாப்லெஃப்ட்(). 64 இடம் கொண்ட பிளாக்குகளைச் சங்கிலியாகக் கோத்தது என்பதால் இரு முனையிலும் வேலை சுளுவு. நடுவில் தேடிப்போனால் மெதுவு. ஸ்லைஸும், அதாவது ஒரு பகுதியை மட்டும் வெட்டி, எடுக்க முடியாது.

கடைசியில் பல உருப்படிகளைக் கழிக்க எல்லோரும் எழுதுவது வழி[:-2]. அடிவாரமும் ஏற்காடும் இல்லாத புது லிஸ்ட் வரும், பழையது அப்படியே இருக்கும். அந்த 2 ஒரு வேரியபிளாக மாறி, அதன் மதிப்பு ஒருநாள் 0 ஆகும்போதுதான் வம்பு. மைனஸ் பூஜ்யமும் பூஜ்யம்தானே? வழி[:-0] என்பது வழி[:0]. எதையும் கழிக்காதே என்று சொன்னால் காலி லிஸ்ட்டை நீட்டுகிறது. நீக்கும் கட்டளையான டெல் வழி[-0:] இன்னும் மோசம், மூல லிஸ்ட்டையே துடைத்துவிடும். இரண்டிலும் எரர் வராது. நீளத்திலிருந்து கழித்து எழுதுங்கள்: வழி[:லென்(வழி)-எண்ணிக்கை]. எண்ணிக்கை நீளத்தைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் கணக்கு மைனஸில் போய் மறுபடி தப்பாக வெட்டும்.

காலி லிஸ்ட்டில் பாப்() இண்டெக்ஸ்எரர் கொடுக்கும், நல்லது. ஜாவாஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அன்டிஃபைன்ட் தரும். சி++ பாப்_பேக்கில் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமே கிடையாது.

தமிழ்ச் சரத்தில் (ஸ்ட்ரிங்) முனை எது என்பதே தகராறு. ‘சேலம்’ நமக்கு மூன்றெழுத்து. லென் 5 என்னும்: ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி. [:-1] போட்டால் புள்ளி மட்டும் உதிர்ந்து ‘சேலம’ நிற்கும். ‘ஏற்காடு’ ‘ஏற்காட’ ஆகும். ‘ம்’ விகுதியை எடுக்க ஆர்ஸ்ட்ரிப் வேண்டாம். அது மகரத்தையும் புள்ளியையும் தனித்தனியாக, எத்தனை இருந்தாலும் உரிக்கும். பைத்தான் 3.9 முதல் இருக்கும் ரிமூவ்சஃபிக்ஸ் சரியாக ஒருமுறை எடுக்கும். எழுத்தெழுத்தாகக் கழிக்க, தனியாக நிறுவும் ரெகெக்ஸ் மாட்யூலில் பின்சாய்கோடு பெரிய எக்ஸால் பிரித்து லிஸ்ட்டாக்கி, பிறகு பாப்(). ‘க்ஷ’வை மட்டும் அதுவும் இரண்டாகத்தான் எண்ணும்.